பதிவில் இல்லாத அண்ணன்

மார்ச் 4, திங்கள்

காலையில் இரண்டு பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதலில் வந்த விவசாயி நாற்பது வருஷமாக டிராக்டர் ஓட்டியவர். ரோட்டையும் வயலாகவே நினைக்கிறார். ரவுண்டானாவில் எதிரே வந்தவனுக்கு வழி விடாமல், "அவனுக்கு என்னம்மா அப்படி அவசரம்?" என்று என்னையே கேட்டார். இவருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தால் எனக்குக் கோவில் கட்டலாம்.

மதியம் வீட்டுக்கு வந்தால், அம்மா நேற்றுப் பூசையில் கொடுத்த தாளை மேசையில் விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். டீ ஆறிப்போய்க் கிடக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளை அந்தக் காலத்தில் சாமியார் இல்லாமல் புதைத்தார்களே, அந்தக் கில்லீன் மேட்டில் செப்டம்பரில் ஒரு கல் நடப்போகிறார்களாம். ஆயர் வந்து ஜெபம் சொல்லி அந்த இடத்தை மந்திரிப்பார். குழந்தைகளின் பெயரும் தேதியும் கல்லில் வரும். ஜூலைக்குள் ஆதாரத்தோடு எங்கள் கோவிலின் பங்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

அம்மா அந்த அறிவிப்பின் மேல் விரலை வைத்தாள். "நம்ம ஆஸ்டின் பேரையும் கொடுக்கணும்."

"யாரு ஆஸ்டின்?"

"உன் அண்ணன்."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மூத்தது ஒன்று தங்கவில்லை என்று அரசல்புரசலாகத் தெரியும். அதற்கு ஒரு பெயர் இருந்தது தெரியாது.

"அவன் எங்க கெடக்கான்னு சரியாக் கண்டுபிடி கார்மெல். நான் செத்தா அங்கதான் என்னைப் போடணும். உங்கப்பன் பக்கத்துல போட்டீங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. 'ஜான் ஜோ மன்னெலி' என்று வெட்டிய கல்லில், கீழே அம்மாவுக்கு இடம் விட்டிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கல்லை நான்தான் தேய்த்துக் கழுவுகிறேன். அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். "முதல்ல புள்ளையத் தேடு" என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன். வண்டியின் மேல் என் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில். மானம் போயிற்று.

மார்ச் 9, சனி

கால்வே நகரத்திலிருந்து தம்பி டெக்லன் போன் செய்தான். அம்மாவே அவனிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"அக்கா, நீ இதுக்கெல்லாம் தாளம் போடாத. அப்பா அங்க தனியாக் கெடக்கணுமா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊரு எப்பவும் ஏதாவது பேசிக்கிட்டுதான்டா இருக்கும்."

"அந்தக் கல்லுக்கு நான் எவ்வளவு செலவு பண்ணேன் தெரியுமா?"

"உன் கல்லை நீயே கட்டிக்கிட்டு அழு" என்று வைத்துவிட்டேன். பிறகு வருத்தமாக இருந்தது. அவனுக்கு அப்பா என்றால் உயிர். எனக்கு மட்டும் இல்லையா என்ன? மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருகிற மனிதர் அவர். அவர் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றால் — எதற்கு?

மார்ச் 14, வியாழன்

இரண்டு பேரின் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு மாவட்டப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண். 'மன்னெலி' என்ற பெயரில் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது மூன்று வருஷப் பிறப்பையும் பார்த்தாள். எங்கள் பங்கில் பிறந்த மன்னெலிகளில் ஆஸ்டின் இல்லை. இறப்பிலும் இல்லை.

"உயிரோட பொறந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு தடவை அழுதான்னு அம்மா சொல்றாங்க."

"செத்துப் பிறந்ததுன்னு வீட்டுல சொல்லியிருந்தா அப்பல்லாம் எழுத மாட்டாங்க. பிறப்புலயும் வராது, இறப்புலயும் வராது."

அப்படியானால் எதில் வருவான்? எதிலும் வரமாட்டான். ஒரு கன்றுக்குட்டி செத்தால்கூட இப்போது காதில் மாட்டிய நம்பரோடு அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

கையோடு அம்மா அப்பாவின் கல்யாணப் பதிவைக் கேட்டு வாங்கினேன். வெறும் கையோடு திரும்பக் கூடாது என்கிற வீம்பு, வேறொன்றுமில்லை. ஜான் ஜோ மன்னெலி, விவசாயி. டிலியா பாரெட், வீட்டு வேலை. ஜூன் மாதம், ஐம்பத்தேழு. வண்டியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். ஜூன். அம்மா சொன்னது கல்யாணமான முதல் பனிக்காலம். ஜனவரி. ஏழு மாதம்.

மார்ச் 15, வெள்ளி

காகிதத்தை அம்மா முன்னால் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"எண்ணிட்டியா? எண்ணு, எண்ணு. ஊரே எண்ணுச்சு. பால் வாங்கப் போனா அந்தக் கடைக்காரி என் வயித்தப் பாத்துத்தான் சில்லறை கொடுப்பா. பங்குச் சாமியாரும் எண்ணினாரு. அதனாலதான் பனியில அவ்வளவு தூரம் வந்தவரு உள்ள வராம, வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போனாரு. தண்ணி ஊத்தாத புள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல எடமில்ல, வேற பாத்துக்கோ ஜான் ஜோன்னு."

"மருத்துவச்சி ஊத்தியிருக்கலாமே?"

"அவ பனியில மாட்டிக்கிட்டு எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தா. எனக்குக் காய்ச்சல். யாருக்கும் தோணல. எனக்கும் தோணல பாரு."

அப்புறம் எழுந்து போய் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். பத்து பேருக்குப் போதுமான அளவு உரித்தாள். நானும் தடுக்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

பங்கு அலுவலகம். ஜெரால்டின் அங்கே செயலர். கல் நடும் குழுவுக்கும் அவள்தான் எல்லாம். ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டு என்றேன். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி காட்ட முடியாதாம்.

"யாரோட தரவு? என் அண்ணனோடதா? வந்து கேஸ் போடப் போறானா?"

"கார்மெல், நீ என்கிட்ட கத்தினா சட்டம் மாறிடுமா? நானே பாத்துச் சொல்றேன், உக்காரு."

உட்கார்ந்தேன். எழுந்தேன். சுவரில் தொங்கிய பத்துப் போப்பாண்டவர் படங்களையும் பார்த்தேன். அவள் திரும்பி வந்து இல்லை என்றாள். எனக்குத் தெரிந்ததுதான். தேதியும் வேண்டும் என்கிறாள். பக்கத்துப் பங்கில் ஒரே குழந்தைக்கு இரண்டு குடும்பம் உரிமை கொண்டாடி, மந்திரிக்கிற அன்றைக்கே சண்டையாகிவிட்டதாம். அதனால் ஏதாவது ஒரு பதிவில் வந்த தேதி, இல்லாவிட்டால் அந்தக் காலத்து ஆள் ஒருவரின் சாட்சி. இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

"அம்மாவோட வாய் வார்த்தை போதாதா?"

"அவங்களுக்கே தேதி தெரியலையே, கண்ணு."

உண்மைதான். அதுதான் ஆத்திரம்.

ஏப்ரல் 22, ஈஸ்டர் திங்கள்

அம்மாவை மேட்டுக்கு அழைத்துப்போனேன். கேட் வரைக்கும் கார் போகிறது. அதற்கு மேல் சேறு. என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள். மேலே முள்மரத்தைச் சுற்றிக் கையளவு வெள்ளைக் கற்கள். எத்தனை என்று யாருக்குத் தெரியும்? பாதி புல்லுக்குள் இருக்கிறது.

"எந்தக் கல்லு?" என்றாள்.

"தெரியலம்மா."

"நீ தேடினேன்னு சொன்னியே."

"பதிவுல இல்ல. எங்கயும் இல்ல."

ஒவ்வொரு கல்லாகப் போய் நின்றாள். கடையில் தக்காளி பொறுக்குகிறவள் மாதிரி குனிந்து குனிந்து பார்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை. போகலாம் என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் வெடித்தாள்.

"உங்கப்பன் ஒரு வார்த்தை சொன்னானாடி? எங்க வச்சேன்னு சொன்னானா? பொறந்த அன்னிக்கே, சோப்புக் கட்டி வந்த பெட்டியில புள்ளைய வச்சு, மேல கோட்டைப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் நடந்தான். ஜன்னல்ல பாத்தேன். மத்தியானம் போனவன். சாயங்காலம் வரல. ராத்திரி வரல. மறுநாள் இருட்டினப்புறம் வந்தான். எங்க போனேன்னு கேட்டா, லாஃப்டஸ் வீட்டு எழவுக்குப் போனேங்கறான்! கிழவி சபைனா செத்துட்டாளாம், துக்கம் கேக்கப் போனானாம்! வாயெல்லாம் விஸ்கி நாத்தம். என் புள்ளைய மண்ணுக்குள்ள போட்ட கையோட, எவளோ ஒரு சிடுமூஞ்சி பொணத்துக்கிட்ட உக்காந்து குடிச்சிட்டு வந்திருக்கான். நான் இங்க மார்ல பால் கட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறினாள்.

"அதுக்கப்புறம் சாகற வரைக்கும் பூசையில நன்மை அப்பம் வாங்கினானா பாத்தியா? எல்லாரும் பீடத்துக்குப் போவாங்க, இவன் கோவில் கதவுக்கிட்டயே நிப்பான். மனசாட்சி உறுத்தாதா பின்ன?"

அது உண்மை. அப்பா கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

கீழே இறங்கினோம். காலணியில் இருந்த சேற்றைத் தட்டாமலே காரில் ஏறினாள். 

ஏப்ரல் 24, புதன்

அப்பா கல்லறைக்குப் போனேன். ஜெபம் வரவில்லை. "ஒரு நாள் வீட்டுல இருந்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு நாள்?" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

மே 2, வியாழன்

நகத்தையெல்லாம் கடித்தாகிவிட்டது. டிராக்டர்காரர் இன்று நன்றாக ஓட்டினார். நான்தான் இடது பக்கம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வலது என்றேன்.

மே 7, செவ்வாய்

எவ்வளவு மடைச்சி நான்! அம்மா அன்றைக்கே தேதியைச் சொல்லிவிட்டாள். நான் கோபத்தில் கேட்கவில்லை.

ஆஸ்டினுக்குப் பதிவு இல்லை. சரி. சபைனா லாஃப்டஸுக்கு இருக்குமே! அவள் பெரிய மனுஷி, கல்லறைத் தோட்டத்தில் முறையாகப் போனவள். அவள் செத்த தேதி கிடைத்தால் அவன் பிறந்த தேதி கிடைத்த மாதிரி.

ஐம்பது வருஷம் தாண்டிய இறப்பெல்லாம் இப்போது இணையத்திலேயே இருக்கிறது. டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. சபைனா லாஃப்டஸ், கல்யாணமாகாதவள், எழுபத்தேழு வயது, இதயம் நின்று மரணம், ஜனவரி 13, 1958. கடைசிக் கட்டத்தில், தகவல் கொடுத்தவர்: மலாக்கி லாஃப்டஸ், தம்பி மகன், மரணத்தின்போது உடனிருந்தவர்.

அப்படியானால் அப்பா பெட்டியோடு நடந்தது பதின்மூன்று. திரும்பி வந்தது பதினான்கு.

மலாக்கி இன்னும் இருக்கிறார். ஏரிக்கு அந்தப் பக்கம். எண்பதைத் தாண்டியிருக்கும். அன்றைக்கு அப்பா அந்த வீட்டுக்கு வந்தார் என்று அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஜெரால்டின் வாயை மூடிவிடலாம்.

ஆனால் போக பயமாக இருக்கிறது. உன் அப்பன் அன்றைக்குப் பாட்டுப் பாடினான் என்று அவர் சொல்லிவிட்டால்? எழவு வீட்டில் இங்கே என்னதான் நடக்காது. சீட்டாடுவார்கள், சிரிப்பார்கள், கதை கட்டுவார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி அந்தக் கல்லைத் தேய்ப்பேன்?

மே 11, சனி

போய்விட்டு வந்தேன். முழுக்க எழுதிவிட வேண்டும். நாளைக்கு என் தலையில் வேறு மாதிரி ஆகிவிடும்.

மலாக்கி கதவைத் திறந்ததும், "ஓட்டக் கத்துக் கொடுக்கிற பொம்பளைதானே? எனக்கு லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க, திருப்பி வாங்கித் தர வந்தியா?" என்றார். உயரமான ஆள். காது நன்றாகக் கேட்கிறது. வெண்ணெய் தடவி ரொட்டி கொடுத்தார்.

ஜான் ஜோ மகள் என்றேன். வெட்டிக்கொண்டிருந்த ரொட்டியைப் பாதியில் விட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். மேட்டில் கல், தேதி, கையெழுத்து. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "மேட்டுக் கல்லுல பேரு வெட்டப் போறீங்களா?" என்றார்.

"ஆமா."

"வேணாம் புள்ள. அவன் அங்க இல்ல."

கையில் இருந்த டீ பாவாடையில் கொட்டியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"உங்கப்பன் மேட்டுக்குத்தான் போனான். மண்ணு உறைஞ்சு கெடந்துச்சு, மண்வெட்டி இறங்கல. அப்படியே உக்காந்திருக்கான். அங்கருந்து பாத்தா எங்க வீட்டுல விளக்கெல்லாம் எரியுது, சனம் வருது போகுது. இறங்கி நேரா எங்க கொல்லைப்பக்கம் வந்தான். எங்கப்பாவைத் தனியாக் கூப்பிட்டான். 'நாளைக்கு உங்கக்காவைப் பெட்டியில வைக்கறப்ப என் மகனையும் சேத்து வைங்க' அப்படின்னான். அவ்வளவுதான் சொன்னான்."

இப்படி நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மலாக்கி சாதாரணமாகச் சொல்கிறார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். அந்த வாரம் ஊரில் யார் செத்தார்களோ அவர்கள் பெட்டியிலேயே இப்படிப்பட்ட குழந்தையும் போய்விடும். ஆண்களுக்கு மட்டும் தெரியும். மந்திரித்த மண்ணுக்குள் வேறு வாசல் கிடையாது.

"அப்பா ராத்திரி முழுக்க வீட்டுக்கு வரல. குடிச்சாராமே?"

"குடிச்சான். நாங்கதான் ஊத்தினோம், அப்படி நடுங்கிக்கிட்டிருந்தான். எங்க வீட்டுப் பின்னறையில அந்தப் பெட்டியக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டு அது பக்கத்துலயே உக்காந்திருந்தான். வீட்டுக்குப் போடான்னா, புள்ளையத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுங்கறான். மறுநாள் சாயங்காலம் பொம்பளைங்களை அடுப்படியில ஜெபமாலை சொல்ல உக்கார வச்சுட்டு நாங்க ஆம்பளைங்க நாலு பேரும் வேலைய முடிச்சோம். சோப்புப் பெட்டிக்கு எடம் கொள்ளல. அதனால உங்கப்பன் அவன் ஞாயித்துக்கெழமைச் சட்டையில புள்ளையச் சுத்தி, எங்க அத்தை கைய விலக்கி உள்ள வச்சான். எனக்கு அப்ப இருவது வயசு. ஆணி அடிச்சது நான்."

"ஏன் அம்மாகிட்ட சொல்லல?" நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். "அறுபது வருஷம்! ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்கம்மா வாரா வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறவ. சொன்னா அவ மனசு கேக்குமா? போய் அந்தச் சாமிகிட்டயே சொல்லிருவா. அவரு தோண்டி எடுங்கடான்னு சொல்லக் கூடிய ஆளு. அதனால பொம்பளை யாருக்கும் சொல்றதில்லன்னு சத்தியம். அவனும் அதுக்கப்புறம் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள கால் வைக்கல, அது இல்லாம நன்மையும் வாங்க முடியாது. போனா இதைச் சொல்லணும். சொன்னா வருத்தப்படறேன்னும் சொல்லணும். அவனுக்கு வருத்தமே இல்லையே, எதைச் சொல்றது?"

"அந்தச் சாமி செத்து எத்தனை வருஷமாச்சு! அப்பா போயே பதினோரு வருஷம். நீங்களாவது வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்க வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஜான் ஜோ சொல்லியிருப்பான்னு நெனச்சேன். சாமி செத்தப்புறமாவது சொல்லியிருப்பான்னு." கொஞ்ச நேரம் ரொட்டித் துகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். "அப்புறம் சொல்ல வழி தெரியாமப் போயிருக்கும். ரொம்ப நாளாயிட்டா அப்படித்தான்."

வரும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி அழுதேன். ஹாரன் அடித்து வாத்தெல்லாம் பறந்தது.

மே 12, ஞாயிறு

பூசை. நான் இன்று கதவோரம் நின்றேன். அம்மா திரும்பி முறைத்தாள்.

மே 19, ஞாயிறு

இன்னும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வருகிறது. அவள் ஐம்பது வருஷம் அப்பாவை வெறுத்தபடி அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். இப்போது போய், நீ நினைத்தது தப்பு என்று சொன்னால், அந்த வருஷங்களை யாரிடம் போய்க் கேட்பாள்? எண்பத்து மூன்று வயது. இதயம் வேறு சரியில்லை.

டெக்லனிடம் சொன்னேன்.   போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "சொல்லிருக்கா. இனிமே நாமளும் மறைச்சா அப்பா மாதிரியே ஆயிரும்" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தப் பயல் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது.

மே 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பின், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. நேராக முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மண் உறைந்தது, கொல்லைப்பக்கம், கட்டில், சட்டை, எல்லாம். சட்டை என்றதும், "எந்தச் சட்டை?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்றேன்.

"தொலைஞ்சு போச்சுன்னான். நான் அவனைத் திட்டினேன்."

அழுவாள் என்று நினைத்தேன். இல்லை. முகம் சிவந்தது. கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம்!

"என்கிட்ட ஏன்டி சொல்லல? நான் யாரு? தெருவுல போறவளா? நான் போய்ச் சாமிகிட்ட சொல்லிருவேன்னு இவனுங்களா நெனச்சுக்கிட்டானுங்க! என் புள்ளையத் தோண்டி எடுக்க நான் சொல்லுவேனா? எவனாவது என்னைக் கேட்டானா? பன்னிப்பய! முழு மடையன்! வெறுக்கட்டும்னு விட்டுட்டான் பாரு. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுப்பேன், அவன் ஒண்ணுமே சொல்லாம விளக்க அணைப்பான். அறுபது வருஷம்டி, அறுபது வருஷம்!"

கணக்கு சரியில்லை. அவர் போய்த்தான் பதினோரு வருஷமாயிற்றே. திருத்தவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து குரல்.

"சபைனா கையிலயா வச்சான்? அந்தச் சிடுமூஞ்சி கையிலயா?"

ஜூன் 3, திங்கள்

என்னோடு பேசவில்லை. பூனையோடு பேசுகிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

டிராக்டர்காரர் தேர்வில் ஜெயித்துவிட்டார். என்னைக் கட்டிப்பிடித்து ஒரு பெட்டி முட்டை கொடுத்தார். முட்டையைப் பார்த்து அம்மா, "இதுக்காவது உபயோகப்படுறியே" என்றாள். பேச்சு திரும்பிவிட்டது.

ஜூலை 6, சனி

அவளே கேட்டாள். மலாக்கியையும் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். லாஃப்டஸ் குடும்பக் கல் கிழக்கு மதிலோரம். அப்பா கல்லிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். இத்தனை வருஷம் வாளியும் பிரஷ்ஷுமாக அந்தக் கல்லைத் தாண்டித்தான் நான் போயிருக்கிறேன். அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த மதிலில் சாய்ந்து நின்று புகை பிடிப்பார். கோவில் வாசலில் மற்ற ஆண்களோடு நிற்காமல் ஏன் இங்கே வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

அம்மா ரொம்ப நேரம் நின்றாள். காலடியில் இருந்த புல்லைப் பிடுங்கினாள். பிறகு மலாக்கியைப் பார்த்து, "உங்கத்தைக்குக் குழந்தைங்கன்னாலே ஆகாது. ஆப்பிள் பொறுக்கப் போனா நாயை அவுத்து விடுவா" என்றாள்.

"இவ்வளவு நாள்ல பழகியிருக்கும் டிலியா."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், மதிலைப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும். நான் போய்ப் பிடிக்கப் பார்த்தேன். மலாக்கி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அழுது முடிக்கட்டும் என்று இருவரும் மறுபக்கம் திரும்பி நின்றோம்.

அவர் இங்கேதான் நின்றார், தெரியுமா அம்மா, மதிலோரம், ஞாயிறு தோறும் — இதை நான் சொல்லவில்லை. அவளே மதிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 29, திங்கள்

ஜெரால்டினிடம் போய், எங்கள் பெயர் வேண்டாம் என்றேன். "ஆதாரம் கிடைக்கலையா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். கிடைத்தது என்றேன். எங்கே என்றாள். "தரவுப் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசாரச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று கால்பந்து அரையிறுதியில் எங்கள் மாவட்டமான மேயோ தோற்றது. டெக்லன் துக்கம் கொண்டாட வந்திருக்கிறான். அம்மா அவன் தட்டில் மூன்றாவது தடவையாகப் பன்றிக்கறி வைக்கிறாள். அவள் எங்கே படுப்பாள் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கேட்க எனக்கும் துணிச்சல் இல்லை. மகன் பக்கத்தில் படுக்கப் போகிறாளா? அது லாஃப்டஸ் குடும்பத்துக் குழி, அங்கே இடம் கிடையாது. வேறு எங்கே? தினமும் காலையில் இதையே நினைத்துக்கொண்டு எழுகிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மேட்டில் கல் நட்டார்கள். நல்ல கூட்டம். அம்மாவும் வந்தாள். ஆயர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒரு கிழவர், எங்களுக்குத் தெரியாதவர், தன் தங்கை பெயர் வந்ததும் குழந்தை மாதிரி அழுதார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஆயரின் கையை மட்டும் குலுக்கவில்லை.

நவம்பர் 9, சனி

கல்வெட்டுக்காரனுக்கு அம்மாவே போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னது, "பத்து மணிக்கு வண்டியை எடு" என்று மட்டும். அப்பா கல்லுக்கு முன்னால் அவன் டேப்பை வைத்துக்கொண்டு நிற்கிறான். டெக்லனும் கால்வேயிலிருந்து வந்து நிற்கிறான்.

"இவன் பேருக்குக் கீழ என் பேர் வெட்டு. டிலியா. பொறந்த வருஷம் போட்டு ஒரு கோடு இழு. மீதிய இவங்க போட்டுக்குவாங்க."

டெக்லன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல ஆஸ்டின். ஜனவரி பதிமூணு, ஐம்பத்தெட்டு."

கல்வெட்டுக்காரன் கையில் இருந்த வரைபடத்தைப் புரட்டினான். "அம்மா, இந்தக் குழியில ஒருத்தர்தானே இருக்காரு? குழந்தை யாரும் இல்லையே?"

"எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். கல்லுல இருக்கற பேரு படிக்கறவங்களுக்கு."

அவன் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டான். கடைசியில், அடியில் இன்னும் நாலு வரிக்கு இடமிருக்கிறது, பிள்ளைகளுக்கு விட்டுவைக்கட்டுமா என்று கேட்டான்.

"வேணாம். இவங்க வேற எங்கயாவது பாத்துக்கட்டும். எனக்கு இவங்கப்பன்கிட்ட தனியாப் பேச வேண்டியது நெறைய இருக்கு."

பிறகு குளிருகிறது என்றாள். டெக்லன் அவன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். மூவரும் ஊருக்குள் போய்ச் சூப் குடித்தோம்.